டீச்சர் குரலுக்கு ஒரு கிதார்

பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நண்பர்களுக்கு,

போன வாரம் உங்களையெல்லாம் சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று அடையாறு வந்தேன். ஒரு பாரிட்டோன் கிதார் ஆர்டரைச் சுற்றி நின்று நீங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தீர்கள். என்ன மரம், கழுத்து எத்தனை அங்குலம், பிக்கப் எந்தக் கம்பெனி. எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்தான். யாருக்காக என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. வாய்வரை வந்ததை டீயோடு சேர்த்து விழுங்கிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஓய்வு பெற்றவள் பட்டறையில் வாயைத் திறந்தால் அன்றைக்கு வேலை நடக்காது. எழுதினால் நீங்கள் சாப்பாட்டு நேரத்தில் படித்துக்கொள்ளலாம்.

நான் செய்த முதல் கிதாரே பாரிட்டோன்தான். அந்தப் பெயர்கூட அப்போது எங்களுக்குத் தெரியாது. சாதாரண கிதாரைவிட நீளமான கழுத்து, தடித்த கம்பி, கீழ் ஸ்தாயியில் பேசும் குரல். கிதாருக்கும் பேஸ் கிதாருக்கும் நடுவில் ஒன்று. நாங்கள் அதைப் ‘பெரியவர்’ என்று அழைத்தோம்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. தி.நகரில் பனகல் பார்க்கிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு ரேடியோ கடை. அங்கே நான் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றிக்கொண்டிருந்தேன். செம்புக் கம்பியைச் சுருள் சுருளாகச் சுற்றி, இரும்புத் தகடுகளுக்கு நடுவில் வைத்து, ரேடியோவுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் பொருத்துகிற வேலை. எனக்குச் சங்கீதம் தெரியாது. கிதாரைக் கல்யாண மேடையில் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி.

ஸ்டேன்லி அண்ணன் சாந்தோம்காரர். ஒரு மெல்லிசைக் குழுவில் கிதார் வாசித்தார். குழுவின் ஆம்ப்ளிஃபயர் எங்கள் கடைக்குத்தான் ரிப்பேருக்கு வரும், அவர்தான் சைக்கிள் ரிக்‌ஷாவில் வைத்துக்கொண்டு வருவார். ஒரு நாள் ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் வந்தார். கையில் அவருடைய கிதார் மட்டும்.

“சரோஜா, நீ கம்பி சுத்தறவதானே? எனக்கு இதவிடப் பெருசா ஒரு கிதார் வேணும்.”

“கடைல கேளுங்கண்ணா.”

“எந்தக் கடைலயும் இல்ல. வெளிநாட்லேர்ந்து வரவைக்கவும் முடியாது. நாமதான் பண்ணணும்.”

எதற்கு என்று கேட்டேன். அப்போதுதான் வசந்தா டீச்சரைப் பற்றிச் சொன்னார்.

வசந்தா டீச்சர் மயிலாப்பூர்க்காரர். கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுத்தார். சாயங்காலமும் விடுமுறை நாளும் இந்த மெல்லிசைக் குழுவில் பாடினார். குழுவுக்கு அடையாளமே அவர் குரல்தான். அந்த வருஷம் அவருக்குக் கழுத்தில் தைராய்டு ஆபரேஷன் ஆனது. உடம்பு தேறிவிட்டது, குரல் தேறவில்லை. பேசினால் ஒன்றும் தெரியாது. பாட்டில் மேலே போக வேண்டிய இடத்தில் வெறும் காற்றுதான் வந்தது. குழுவை நடத்திய அக்கார்டியன்காரரை எல்லோரும் மாஸ்டர் என்போம். அவர் கெட்டவர் இல்லை. “கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க டீச்சர்” என்று சொல்லி, ஒரு புதுப் பெண்ணைப் பாட வைத்தார். கொஞ்ச நாள் என்றால் என்ன அர்த்தம் என்று டீச்சருக்கும் தெரியும்.

“போன ஞாயித்துக்கெழம பார்க்கப் போனேன்,” என்றார் ஸ்டேன்லி. “பரீட்சப் பேப்பர் திருத்திக்கினு தனக்குத் தானே பாடிக்கினு இருந்தாங்க. கீழ, ரொம்பக் கீழ. நான் வாசப்படியிலயே நின்னுட்டேன். அப்டி ஒரு குரல நான் கேட்டதே இல்ல சரோஜா. மேல இருந்தது போச்சு, கீழ புதுசா ஒண்ணு வந்துகீது. அது அவங்களுக்கே தெரியல.”

அந்தக் குரலுக்கு வாசிக்கத்தான் அவருக்கு வழியில்லை. அவர்கள் குழுவில் பேஸ் கிதார் கிடையாது. கீழே தாங்குவதற்கு அவர் கிதார் ஒன்றுதான். கம்பிகளைத் தளர்த்திச் சுருதியை இறக்கிப் பார்த்திருக்கிறார். எனக்கும் வாசித்துக் காட்டினார். கம்பி கொடியில் காயும் துணி மாதிரி ஆடியது. சத்தம் என்று சொல்ல ஒன்றும் வரவில்லை.

“கழுத்து நீளமாவணும், கம்பி தடிப்பாவணும். அவ்ளோதான்” என்றார், ஏதோ சட்டைக்கு அளவு சொல்வதுபோல.

பனகல் பார்க் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில், ஜவுளிக்கடைக்காரர் வீட்டுப் பெண்ணின் வரவேற்பில் குழுவுக்குக் கச்சேரி இருந்தது. மாஸ்டரிடம் பேசி, அதில் டீச்சருக்கு மூன்று பாட்டு வாங்கி வைத்திருந்தார் ஸ்டேன்லி. “மூணு பாட்டு. சரியா வரலேன்னா அதோட விட்டுடணும்” என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். டீச்சரிடம் இன்னும் சொல்லவே இல்லை. இதைக் கேட்ட பிறகு முடியாது என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. எங்கள் முதலாளியைக் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கும்போது என்ன வேண்டுமானாலும் சுற்றிக்கொள், என் ரேடியோக்களில் கை வைக்காதே என்றார்.

பாகங்களைச் சேர்த்ததே ஒரு திருவிழா. மூர் மார்க்கெட்டில் உடைந்த கிதார் ஒன்று கிடைத்தது. அதிலிருந்து கம்பியை முறுக்கும் சாவிகளை எடுத்துக்கொண்டோம். செத்துப்போன ஒலிபெருக்கிகளிலிருந்து காந்தம். கம்பிகள் உட்காரும் பாலத்துக்கு ஒரு கதவின் பித்தளைக் கீல். கம்பிகள்தான் பெரிய யோசனை. கடைசியில் சாதாரண கிதாரின் தடித்த கம்பிகள் நான்கையும், பேஸ் கிதாரின் மெல்லிய கம்பிகள் இரண்டையும் சேர்த்தபோது சரியாக ஆறு வந்தது. ஸ்டேன்லி அண்ணன் நடுத்தெருவில் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டார். உஸ்மான் ரோட்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மர வேலைக்கு முனுசாமியைப் பிடித்தோம். கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் கேரம் போர்டு செய்கிறவர். கை நல்ல கை. வாய் அதைவிடப் பெரிது. “நம்ம போர்டுல காய வச்சாலே போதும், தானா போய்க்கினே பாக்கெட்ல வுயும்” என்பார். கிதார் செய்ததில்லையே என்று கேட்டதற்கு, “கேரம் போர்டு தட்டையா இருக்கணும், கிதார் நீட்டா இருக்கணும், வேறின்னா கீது?” என்றார்.

பழைய தேக்கு நிலைக்கதவிலிருந்து உடலையும் கழுத்தையும் செதுக்கினார். பார்க்க அத்தனை அழகு. உடைந்த ஸ்டிரைக்கரை வட்டம் வட்டமாக அறுத்து, விரல் வைக்கும் இடங்களுக்கு அடையாளமாகப் பதித்திருந்தார். கம்பி கட்டி, ஆம்ப்ளிஃபயர் இல்லாமலே ஸ்டேன்லி ஒரு தட்டுத் தட்டினார். சந்து முழுக்கக் கேட்டது. போண்டா வாங்கிச் சாப்பிட்டுவிட்டு சந்தோஷமாகக் கலைந்தோம்.

மறுநாள் போனால் கழுத்து வளைந்திருந்தது. தடித்த கம்பிகள் ராத்திரி முழுக்க இழுத்த இழுப்பில், கிதார் வில்லாகி நின்றது. கம்பிக்கும் பலகைக்கும் நடுவில் விரலையே விடலாம்.

முனுசாமி அதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றார். அவர் பேசாமல் நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஸ்டேன்லியின் முகம் சிவந்துவிட்டது. வரவேற்புக்கு அதிக நாள் இல்லை. அவர் என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. கிதார் செய்கிற யாரையாவது பார்த்திருக்க வேண்டும் என்று சொல்லப் போகிறார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

“விடு சரோஜா, ரெண்டு வார்த்த கேட்டுட்டு வரேன்.”

“கேளுங்க. ஆனா இன்னிக்கு வேணாம்ணா.”

“அப்ப எப்ப?”

“அவரே வருவாரு. வரலேன்னா கேளுங்க.”

இந்த இடத்தை உங்களுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். அப்போது எனக்கு மரத்தைப் பற்றி எதுவும் தெரியாது. ஆனால் அந்த மனிதர் நின்ற விதத்தைப் பார்த்தேன். தன் வேலையில் பெருமை உள்ளவரிடம் அவர் வேலை தப்பிப்போன அன்றைக்கே போய்க் குத்திக்காட்டினால், அவர் நம்மோடு சண்டை போடுவதில் கவனமாகிவிடுவார். மரம் அப்படியே கிடக்கும். தனியே விட்டால் மரத்தோடு சண்டை போடுவார். நமக்கு வேண்டியது அந்தச் சண்டைதான். நான் இந்தத் தொழிலில் இருந்த காலமெல்லாம் இதில் தவறியதில்லை.

ஸ்டேன்லிக்கு நம்பிக்கை இல்லை. இரண்டு நாள் கடைக்கு வந்து எதிரே உட்கார்ந்து பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் முனுசாமி வந்தார், தோளில் துப்பாக்கி மாதிரி ஒரு புதுக் கழுத்தோடு.

“ஒத்தக் கட்டைய நம்புனதுதான் மிஸ்டேக்கு,” என்றார், நாங்கள் செய்த தவறை மன்னித்துவிட்ட தொனியில். “இப்ப மூணு பட்டையா அறுத்துக்கீறேன். நடுவுல கீறத தலகீயா திருப்பி ஒட்டிக்கீறேன். அது ஒரு பக்கம் வளையணும்னு பாத்தா, இது இன்னொரு பக்கம் இழுக்கும். உள்ள ஒரு இரும்புக் கம்பியும் போட்டாச்சு. நைனா ஸ்டேன்லி, கம்பிய கட்டிட்டு ரெண்டு பக்கமும் புடிச்சித் தொங்கு. வளைஞ்சா நான் கேரம் போர்டே செய்யல.”

ஸ்டேன்லி தொங்கவில்லை, கட்டிப் பிடித்துக்கொண்டார். கழுத்தை அல்ல, முனுசாமியை.

இனி என் பங்கு. எலெக்ட்ரிக் கிதாரின் உயிர் பிக்கப்பில் இருக்கிறது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காந்தத்தின் மேல், தலைமுடியைவிட மெலிதான கம்பியை ஆயிரக்கணக்கான முறை சுற்றிய ஒரு சுருள். எங்கள் வீட்டுத் தையல் மெஷினில் பாபினுக்கு நூல் சுற்றும் பகுதி இருந்தது. அதில் பொருத்திச் சுற்றினேன். தடித்த கம்பிகளுக்கு நிறையச் சுற்ற வேண்டும் என்று நினைத்து, சுருள் தாங்கும்வரை சுற்றினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டேன்லி, டீச்சரைக் கடைக்கு அழைத்து வந்தார். என்ன சொல்லி அழைத்தார் என்று தெரியவில்லை. பருத்திப் புடவை, கையில் குடை, கழுத்தில் தழும்பை மறைக்க இழுத்துச் சுற்றிய தலைப்பு. கிதாரைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார்.

“ஸ்டேன்லி, இதெல்லாம் எதுக்கு? நான்தான் இனிமே பாடறதில்லைன்னு சொல்லிட்டேனே.”

“பாட வேணாம் டீச்சர். சும்மா கேளுங்க.”

ஆம்ப்ளிஃபயரில் மாட்டி வாசித்தார். கீழ்க் கம்பி கடை அலமாரியில் இருந்த வால்வுகளையெல்லாம் அதிர வைத்தது. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. டீச்சர் முகத்தைச் சுளித்தார்.

“கம்பளியப் போத்திண்டு பேசறாப்ல இருக்கே.”

“கொஞ்சம் கனமா இருக்கு,” என்று ஒப்புக்கொண்டார் ஸ்டேன்லி.

“கனம் இருக்கட்டும். நான் பாடற எடத்துலயே வந்து உக்காந்துண்டு நகர மாட்டேங்கறதே!”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. நான் பாடற இடம். ஸ்டேன்லி தலையைக் குனிந்து கம்பியைத் துடைப்பதுபோல் பாவனை செய்தார். நான் சந்தர்ப்பத்தை விடவில்லை.

“டீச்சர், அதிகமா சுத்திட்டேன் போல. கொஞ்சம் கொஞ்சமா பிரிச்சு எடுத்துப் பாக்கலாம். ஆனா எனக்குப் பாட்டுத் தெரியாது. நீங்க பாடினாத்தான் எங்க நிறுத்தணும்னு தெரியும்.”

யோசித்தார். கடையின் முன்கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தபடி பாட ஆரம்பித்தார். ஏதோ ஒரு தாலாட்டு.

வாசப்படியிலேயே நின்றுவிட்டேன் என்று ஸ்டேன்லி சொன்னது எனக்கு அப்போது புரிந்தது. ஆண் குரலும் இல்லை, நாம் கேட்டுப் பழகிய பெண் குரலும் இல்லை. வெயிலில் நடந்து வந்து தண்ணீர்ப் பானையைத் தொட்டால் கைக்கு ஒரு குளிர்ச்சி தெரியுமே, அப்படி இருந்தது.

சுருளிலிருந்து கம்பியைப் பிரித்தேன். முனையை ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். ஸ்டேன்லி வாசித்தார், டீச்சர் பாடினார். மறுபடி பிரித்தேன். ஒவ்வொரு தடவையும் அந்தக் கம்பி அறுந்தால் எல்லாம் போச்சு, அதே மாதிரி மெல்லிய கம்பி மறுபடி கிடைக்க எத்தனை நாளாகுமோ தெரியாது. மூச்சைக்கூட அடக்கி விட்டேன். ஒவ்வொரு தடவையும் கம்பளி ஒரு மடிப்பு விலகியது. டீச்சர் காலண்டரை விட்டுத் திரும்பி, அலமாரியைப் பார்த்துப் பாடினார். அப்புறம் ஸ்டேன்லியின் கையைப் பார்த்துப் பாடினார். ஒரு கட்டத்தில் கிதார் அவர் குரலுக்குக் கீழே போய்ப் பாய் விரித்த மாதிரி அமர்ந்தது. அவர் குரல் அதன் மேல் நடந்தது. எனக்கே தெரிந்தது.

“இன்னும் கொஞ்சம் எடு சரோஜா,” என்றார் ஸ்டேன்லி, கண்கள் மின்ன. “இன்னும் சூப்பரா வரும்.”

என் கையில் பற்றவைக்கும் கோல் சூடாக இருந்தது. எடுத்திருந்தால் வந்திருக்குமோ என்னவோ. நான் அதைத் தாங்கியில் வைத்துவிட்டேன். நன்றாக இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்குத் தெரிந்துவிட்ட பிறகு, செய்கிறவர் தன் ஆசைக்காகச் செய்கிற வேலை ஆபத்தானது. நம் பட்டறைக்கு ரிப்பேருக்கு வருகிற கிதார்களில் பாதி, அந்த ‘இன்னும் கொஞ்ச’த்தால் கெட்டவைதான்.

“போறும்மா,” என்றார் டீச்சரும். “இது போறும்.” பிறகு ஸ்டேன்லியிடம், “எந்த மண்டபம்?” என்று கேட்டார். எல்லாவற்றையும் அவர் முன்பே யூகித்திருக்கிறார். கணக்கு டீச்சர் இல்லையா?

வரவேற்பு நாள். மண்டப வாசலிலிருந்து மேடைவரை சீரியல் விளக்குகள். பெண்ணின் அப்பா தெற்கத்திக்காரர், ஒரே பெண், விளக்கில் கஞ்சத்தனம் காட்டவில்லை. மேடைக்கு மேல் வளைவாக ஒரு விளக்குத் தோரணம், அதன் நடுவில் ஒளியாலேயே ஒரு மயில், தோகையை விரித்து விரித்து மூடிக்கொண்டிருந்தது. முனுசாமி இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், மாப்பிள்ளை வீட்டாரைவிட முன்னால் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். எங்கள் ‘பெரியவர்’ கிதாருக்கு அவர் அடித்த சிவப்புப் பாலிஷ் அந்த வெளிச்சத்தில் பளபளத்தது. குழுவின் புதுப் பாடகி பாட்டு வரிசையோடு மேடை ஓரத்தில் தயாராக இருந்தாள். டீச்சர் அவளுக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியில் கை கோத்து உட்கார்ந்திருந்தார்.

ஸ்டேன்லி ஆம்ப்ளிஃபயரில் வயரை மாட்டினார். ‘ஊம்ம்ம்’ என்று ஒரு பெரிய இரைச்சல். மண்டபத்தில் பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். மயில் தோகையை விரிக்கும்போதெல்லாம் ‘டக், டக்’ என்று அதற்குத் தாளம் வேறு. கடையில் இப்படி ஒன்று வரவே இல்லை.

மாஸ்டர் அக்கார்டியனோடு எழுந்து வந்தார். “என்ன ஸ்டேன்லி இது? மாப்பிள்ள பொண்ணு இன்னும் பத்து நிமிஷத்துல மேடைக்கு வராங்க. பழைய கிதார் எங்க?”

“கொண்டு வரல மாஸ்டர்.”

“கொண்டு வரலயா!”

முனுசாமி மேடைக்குத் தாவி வந்துவிட்டார். சட்டைப் பையிலிருந்து திருப்புளி எடுத்தார். கல்யாணத்துக்குத் திருப்புளியோடு வந்திருக்கிறார். “மேல் தகட்ட கயட்டிடலாமா சரோஜா? உள்ள எங்கனா வயரு லூசாயிருக்கும். நீ பத்த வெய்யி, நான் புடிச்சிக்கிறேன்.” ஸ்டேன்லியும் கிதாரை மடியில் கவிழ்த்துவிட்டார். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். டீச்சர் மட்டும் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நானும் பைக்குள் கையை விட்டேன், பற்றவைக்கும் கோல் விரலில் தட்டியது. அந்த நேரத்தில் கழற்றுவதுதான் வேலை செய்வதுபோலத் தெரியும். சும்மா நிற்பது குற்றம்போல இருக்கும். ஆனால் காலையில்கூட நன்றாக இருந்த கிதார் இது. அது மாறவில்லை. அது வந்திருக்கும் இடம்தான் மாறியிருக்கிறது. நான் தலையைத் தூக்கி மயிலைப் பார்த்தேன். மேடைக்கு அடியில் அதற்கென்று ஒரு பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வைத்திருப்பார்கள். ரேடியோப் பெட்டிக்குள் இரண்டு டிரான்ஸ்ஃபார்மரை ஒரே திசையில் வைத்தால் ஒன்றன் இரைச்சல் மற்றதில் ஏறும். ஒன்றைக் குறுக்கே திருப்பி வைத்தால் அடங்கிவிடும். அது என் தினசரி வேலை. இந்தப் பிக்கப்பும் நான் சுற்றிய சுருள்தானே?

“யாரும் எதையும் கழட்ட வேணாம்,” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. “அண்ணா, கிதாரோட எழுந்திருங்க. அப்டியே மெதுவா சுத்துங்க.”

“என்னது?”

“கோயில் பிரகாரம் மாதிரி. மெதுவா.”

ஸ்டேன்லி எழுந்து, கிதாரைப் பிடித்தபடி தன்னைத்தானே சுற்றினார். இரைச்சல் ஏறியது. இன்னும் ஏறியது. பெண் வீட்டு மாமா ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார். இன்னும் கொஞ்சம் திரும்பினார். சட்டென்று கீழே இறங்கியது. இன்னும் ஒரு சாண் திரும்பியதும் இரைச்சல் போயே போய்விட்டது. மயிலின் டக் மட்டும் எங்கோ அடுத்த தெருவில் யாரோ சொடுக்குவதுபோலக் கேட்டது. அதைத் தபலா விழுங்கிவிடும்.

“அங்கயே! அசையாதீங்க!”

முனுசாமி ஒரு நாற்காலியை அவருக்குப் பின்னால் தள்ளினார். ஸ்டேன்லி உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் கவனித்தோம். சபைக்கு முதுகின் முக்கால் பாகத்தைக் காட்டிக்கொண்டு, நேராகப் பாடகரின் மைக்கைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்.

மாஸ்டர் தலையில் கை வைத்தார். “சபைக்கு முதுகக் காட்டி வாசிக்கறதா? பொண்ணு வீட்டுக்காரங்க என்னய்யா நெனைப்பாங்க?”

அதற்குள் காதைப் பொத்திய மாமாவே மேடைக்கு வந்துவிட்டார். “ஏன் தம்பி அவர் அந்தப் பக்கமாத் திரும்பி உக்காந்திருக்காரு?”

முனுசாமி யோசிக்கவே இல்லை. “இது லேட்டஸ்ட் ஸ்டைலு சார். பம்பாய்ல இப்ப அல்லாம் இப்டித்தான்.”

“அப்படியா?” என்றார் மாமா. திரும்பிப் போய், பக்கத்தில் இருந்தவர்களிடம் பெருமையாகச் சொன்னார். அது வரிசை வரிசையாகப் பின்னால் போவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மணமக்கள் வந்து அமர்ந்தார்கள். மாஸ்டர் டீச்சரைப் பார்த்துத் தலையசைத்தார். டீச்சர் மைக் முன்னால் போய் நின்றார். தலைப்பைக் கழுத்தில் சரிசெய்துகொள்ளக் கை போனது. நிமிர்ந்தார். எதிரே ஆயிரம் முகம் இருக்கும் என்று நினைத்தவருக்கு, மிக அருகில் ஸ்டேன்லியின் முகம் தெரிந்தது. வேறு எங்கும் திரும்ப முடியாமல், அசையக்கூடாது என்ற பயத்தில் விறைத்து உட்கார்ந்து, அவரையே பார்த்துக்கொண்டிருந்த முகம். டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கை தலைப்பைத் தொடாமலே இறங்கியது.

பாடினார்.

முதல் பாட்டின் முதல் அடியில் மண்டபத்தில் பேச்சு நிற்கவில்லை. இரண்டாம் அடியில் முன்வரிசையில் நின்றது. கீழ்க் கம்பி மெல்லப் பாய் விரிக்க, அந்தக் குளிர்ந்த குரல் அதன் மேல் அவசரமில்லாமல் நடந்து வந்தது. சரணம் வருவதற்குள் பந்திக்குப் போக எழுந்தவர்கள் மறுபடி உட்கார்ந்தார்கள். மேடையில் பொம்மை மாதிரி நேராக உட்கார வேண்டிய கல்யாணப் பெண், நாற்காலியில் திரும்பி, வாயைத் திறந்தபடி டீச்சரையே பார்த்தாள். பரிசோடு வரிசையில் வந்தவர்கள் அவள் கவனிப்பதற்காகக் காத்து நின்றார்கள். மாஸ்டர் அக்கார்டியனில் வாசிக்க வேண்டிய ஓர் இடத்தை விட்டுவிட்டார். முப்பது வருஷத் தொழிலில் முதல் தடவை என்று பிறகு அவரே சொன்னார். முனுசாமி பக்கத்து நாற்காலிக்காரரிடம், “கயுத்தப் பாத்தியா சார், மூணு பட்ட” என்று சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இரண்டாவது பாட்டு. மூன்றாவது பாட்டு. கைதட்டல் அடங்கவில்லை. புதுப் பாடகி எழுந்திருக்கவே இல்லை. அவளும் தட்டிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் குனிந்து, “டீச்சர், இன்னொண்ணு பாடுங்க” என்றார்.

டீச்சர் யோசித்தார். மைக் முன்னால் இருப்பதை மறந்து, ஸ்டேன்லியைப் பார்த்துக் கேட்டார். மண்டபம் முழுக்கக் கேட்டது.

“ஸ்டேன்லி, இன்னும் அரைக் கட்டை கீழ போகலாமா?”

ஸ்டேன்லி கிதாரை ஒரு அங்குலம்கூட அசைக்காமல், முகமெல்லாம் பல்லாகச் சொன்னார்.

“போலாம் டீச்சர். எடம் கீது.”